பாட்டு வருகிறது, ஆம்ப்ளிஃபையர் மட்டும் தெரியவில்லை!

கேள்வி: மேடைக்கு நான்கு ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கிறோம். ஒலி நன்றாகவே வருகிறது. ஆனால் லேப்டாப்பில் உள்ள கண்ட்ரோல் மென்பொருளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. 'நெட்வொர்க் கார்டு போய்விட்டது, புது ரூட்டரும் தனி லைசென்ஸும் வாங்குங்கள்' என்கிறார் சாதனம் கொடுத்தவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நான்கு கார்டும் ஒரே நேரத்தில் போய்விடுமா என்று அவரையே கேளுங்கள். இத்தகைய மென்பொருளைப் பெரும்பாலான நிறுவனங்கள் இலவசமாகவே தருகின்றன. அதற்கு லைசென்ஸ் என்று காசு கேட்பவரிடம், அது நிறுவனத்தின் இணையதளத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் கோளாறு ஐபி முகவரியில்தான்; நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் எண் அது. ஆம்ப்ளிஃபையர்கள் 192.168.1.11 முதல் 14 வரை இருந்தால், லேப்டாப்புக்கு 192.168.1.100 என்று கையால் கொடுங்கள்; சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க்கில் சேரும் என்று சொல்லும் எண்) 255.255.255.0. முதல் மூன்று எண்கள் ஒன்றாகவும் கடைசி எண் வெவ்வேறாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், அதற்கு யாரும் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். வைஃபையை அணைத்துவிட்டு, மென்பொருளின் அமைப்புகளில் கேபிள் செருகிய நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பின் பாதுகாப்பு அரணான ஃபயர்வால் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கேபிள் பொருந்துகிறது என்பதற்காக அது ஈதர்நெட் (கணினிகளின் வழக்கமான கேபிள் நெட்வொர்க்) ஆகிவிடாது. டி அண்ட் பி நிறுவனத்தின் டி12 போன்ற பழைய ஆம்ப்ளிஃபையர்களின் பின்னால் இருப்பது பார்க்க அதே ஆர்ஜே45 துளைதான்; உள்ளே ஓடுவதோ கேன் பஸ் என்ற வேறு வகைத் தகவல் இணைப்பு. அங்கே ஐபி எண்ணை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. ஈதர்நெட்டையும் கேன் பஸ்ஸையும் இணைக்கும் ஆர்70 போன்ற இடைமுகப் பெட்டி கட்டாயம் வேண்டும். ஒரே துளைக்கு இரண்டு வேலை கொடுத்துவிட்டு, அதைத் துளையின் அருகே பெரிதாக எழுதக்கூட மனம் வராத தயாரிப்பாளர்களை என்ன சொல்வது! ஆகவே பின்பக்க எழுத்தை டார்ச் அடித்துப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நான் அதிகம் அஞ்சுவது, இணைப்பு கிடைத்த பிறகு வரும் கேள்வியைத்தான். 'கணினியில் இருப்பதைச் சாதனத்துக்கு அனுப்பவா, சாதனத்தில் இருப்பதைக் கணினிக்கு எடுக்கவா?' என்று மென்பொருள் கேட்கும். அவசரத்தில் அனுப்பினால், ஸ்பீக்கரைக் காக்கும் லிமிட்டர் (ஒலி எல்லை மீறாமல் தடுப்பது), கிராஸ்ஓவர் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைப் பிரித்து அனுப்புவது) அளவுகள் எல்லாம் அழிந்து, கணினியில் உள்ள வெற்றுக் கோப்பின் அளவுகள் ஏறிவிடும். அடுத்த உரத்த ஒலியில், உயர்ந்த ஒலியைத் தரும் ஹார்ன் டிரைவர் எரியக்கூடும். எல்லாச் சேனலையும் மியூட் செய்துவிட்டு, சாதனத்திலிருந்து எடுப்பதையே தேர்ந்தெடுத்து, உடனே கோப்பாகச் சேமியுங்கள்.