எப்படியும் ஓட்டெடுப்புல தோக்கத்தான் போறாங்க, அப்புறம் எதிர்க்கட்சி எம்பி பார்லிமென்ட்ல எழுந்து பேசி என்னதான் ஆகப்போகுது?

ஜெயிக்கறதுக்காக அங்க யாரும் பேசறதில்லைங்க. அமைச்சர் வாயால ஒரு விஷயத்தைச் சொல்ல வெச்சு அதை அவைக்குறிப்புல ஏத்தறது, அதுதான் வேலையே. நான் டெல்லில ஒரு எதிர்க்கட்சி எம்பிகிட்ட உதவியாளரா கொஞ்ச காலம் இருந்தவன் (எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, அப்புறம் பேச்சு வேற எங்கயோ போயிடும்). அங்க என் வேலைல முக்கால்வாசி கேள்வி எழுதறதுதான், அதனால அதைப் பத்தியே சொல்றேன்.

டிவில காட்டறது கூச்சல், வெளிநடப்பு, அட்டையைத் தூக்கிப் பிடிக்கறது. கூட்டத்தொடர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, எம்பி ஊர்ல கல்யாணம் காதுகுத்துன்னு சுத்திட்டு இருக்கும்போதே, டெல்லில நாங்க கேள்வி அனுப்ப ஆரம்பிச்சிருவோம். ஏன்னா கேள்விக்கு பதினஞ்சு நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும், எந்த அமைச்சகத்துக்கு எந்தக் கிழமைன்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க, அதுக்கேத்த மாதிரி போடணும். அதுக்கு மேல, வந்த கேள்விகள்ல எதை எடுக்கறதுன்னு குலுக்கல். லோக்சபாவுல ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விதான், அமைச்சர் எழுந்து நின்னு பதில் சொல்றது அதுக்கு மட்டும்தான். மீதி 230 கேள்விக்கு எழுத்துல பதில் வரும். இந்த இருபதுலயும் கேள்வி நேரம் முடியற பன்னெண்டு மணிக்குள்ள அஞ்சாறு கேள்வி தாண்டினாலே பெரிய விஷயம். நட்சத்திரக் கேள்வில பேர் விழுந்துட்டா எங்க ஆபீஸ்ல அன்னிக்கு ஸ்வீட்டே வாங்குவோம், ஏன்னா அதுலதான் பதிலைக் கேட்டுட்டு அங்கயே மேல துணைக்கேள்வி கேக்கலாம், அமைச்சர் கையில அதிகாரிங்க எழுதிக் கொடுத்த பேப்பர் இருக்கும், துணைக்கேள்வி அந்தப் பேப்பருக்கு வெளில எங்கயாவது போய் விழணும், அப்பதான் மனுஷன் சொந்தமா வாயத் திறப்பார்.

கேள்வி எழுதறதுல ஒரு தந்திரம் இருக்கு. உதாரணத்துக்கு கல்விக்கடன். "கல்விக்கடன் கிடைக்காம மாணவர்கள் அவதிப்படுவதை அரசு அறியுமா?"ன்னு கேட்டா என்ன பதில் வரும் தெரியுமா, திட்டத்தோட பேரு, எந்த வருஷம் ஆரம்பிச்சது, அரசு எடுத்த நடவடிக்கைகள்னு ஒன்றரைப் பக்கத்துக்கு விளம்பரம் வரும். கட்சி ஆபீஸ்ல இந்த வேலைலயே தலை நரைச்ச ஒரு அண்ணன் இருந்தார், அவர் சொல்வார், "தம்பி, அவங்க ஓடறதுக்கு நீயே ஏன்டா கதவைத் திறந்து வெக்கற"ன்னு. அவர் எழுதறது வேற மாதிரி இருக்கும்: (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வந்த விண்ணப்பங்கள் எத்தனை, மாவட்ட வாரியாக, (ஆ) அதில் நிராகரிக்கப்பட்டவை எத்தனை, வங்கி வாரியாக, (இ) நிராகரித்ததற்கான காரணங்கள் என்ன. தெரியுமா தெரியாதாங்கற பேச்சே இருக்காது, நம்பர் மட்டும்தான். அதுக்கு இணைப்புன்னு ஒரு டேபிள் போட்டு வந்தே ஆகணும், வரலைன்னா "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்"னு ஒரு வரி வரும்.

அந்த ஒரு வரிதான் எங்களுக்குப் பிடி. பரிசீலிக்கறோம், விசாரிக்கறோம், தகவல் திரட்டி வெக்கறோம், இப்படி அமைச்சர் என்ன சொன்னாலும் அது உறுதிமொழின்னு கணக்கு. லோக்சபாவுல அரசு உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு 1953லேர்ந்து இருக்கு. மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தணும், இல்ல டைம் கேட்டு எழுதணும், இல்ல கைவிட அனுமதி கேக்கணும். வருஷக்கணக்கா இழுக்கறதும் உண்டு, அதை மறைக்கல. ஆனா குழு கூப்பிட்டுச்சுன்னா செயலாளர் லெவல் ஆளே வந்து உக்காந்து ஏன் செய்யலன்னு விளக்கணும். போராட்டம் நடக்கற ஜந்தர் மந்தர்ல ஆயிரம் பேர் உக்காந்து கோஷம் போட்டாலும் அந்த ஆளு வரமாட்டாரு.

எழுத்துல வர்ற பதிலை நிறைய பேர் மதிக்கறதே இல்ல, எனக்கு அதுல ஒரு வருத்தம். மினிமம் பேலன்ஸ் இல்லைன்னு பேங்க்ல பிடிச்சாங்களே, பொதுத்துறை வங்கிங்க மட்டும் 2019-20லேர்ந்து அஞ்சு வருஷத்துல 8,000 கோடிக்கு மேல அப்படி வசூல் பண்ணிருக்குன்னு நாட்டுக்குத் தெரிஞ்சதே 2024 ஜூலைல பார்லிமென்ட்ல வெச்ச பதிலாலதான். பேப்பர் எல்லாம் போட்டாங்க, ஆளாளுக்குத் திட்டினாங்க, 2025ல கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் பேங்க்னு ஒவ்வொண்ணா அந்த அபராதத்தை எடுத்தாங்க. அந்தப் பதில் ஒண்ணாலயே எடுத்தாங்கன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்த நம்பர் இல்லாம அந்தப் பேச்சே கிளம்பியிருக்காது.

இல்லைன்னு வர்ற பதிலும் பதில்தான், சில சமயம் அதுதான் இன்னும் கனமா இருக்கும். கோவிட் ரெண்டாவது அலைல ஆக்ஸிஜன் இல்லாம ஜனங்க எப்படித் தவிச்சாங்கன்னு எல்லாரும் பாத்தோம். 2021 ஜூலைல ராஜ்யசபாவுல காங்கிரஸ் எம்பி கே.சி.வேணுகோபால் கேட்ட கேள்விக்கு, ஆக்ஸிஜன் பற்றாக்குறையால சாவுன்னு குறிப்பிட்டு எந்த மாநிலமும் தகவல் தரலைன்னு அரசு பதில் சொல்லுச்சு. எதிர்க்கட்சி ஒரு மணி நேரம் மைக்ல கத்தியிருந்தாக்கூட அந்த ஒரு வரி பண்ண வேலையப் பண்ணியிருக்க முடியாது. இன்னைக்கும் அது அரசோட பேர்லதான் இருக்கு.

நீங்க கேட்ட "எப்படியும் தோக்கத்தான் போறாங்க"ங்கறதுக்கு நேரடியா வர்றேன். தோப்போம்னு தெரிஞ்சே கொண்டு வர்றதும் உண்டுங்க. மணிப்பூர்ல 2023 மே 3ல கலவரம் ஆரம்பிச்சது, பிரதமர் அவைக்கு வந்து பேசணும்னு எதிர்க்கட்சிங்க கேட்டுப் பாத்தாங்க, நடக்கல. அப்பதான் அசாம் எம்பி கௌரவ் கோகோய் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார், எண்ணிக்கைக்காக இல்லைன்னு அவரே ஓப்பனா சொன்னார். விதிப்படி அதை எடுத்துத்தான் ஆகணும், அதுக்குப் பிரதமர் பதில் சொல்றதுதான் வழக்கம். ஆகஸ்ட் 10ம் தேதி பேசினார், ரெண்டு மணி நேரத்துக்கு மேல. மணிப்பூர் பத்தி வர்றதுக்குள்ளயே எதிர்க்கட்சிங்க வெளிநடப்பு பண்ணிட்டாங்க, அது எனக்கு உடன்பாடில்ல, அவ்வளவு பாடுபட்டு வர வெச்சவங்க உக்காந்து கேட்டிருக்கணும். தீர்மானம் குரல் ஓட்டுலயே (ஆமா, இல்லைன்னு சத்தமா சொல்றது, யார் பேரும் பதிவாகாது) தோத்துப் போச்சு. போகட்டும், கேட்டது கிடைச்சுடுச்சில்ல.

பழைய கதைன்னா 1963. இந்த நாட்டோட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம், கிருபளானி கொண்டு வந்தது, 62க்கு 347ன்னு படுதோல்வி. ஆனா அந்த விவாதத்துல இடைத்தேர்தல்ல ஜெயிச்சு அப்பதான் உள்ள வந்திருந்த சோஷலிஸ்ட் தலைவர் லோகியா எழுந்து, இந்த நாட்டுல 27 கோடிப் பேர் ஒரு நாளைக்கு மூணணாவுல பொழைக்கறாங்கன்னார். நேரு இல்ல பதினஞ்சணான்னார். லோகியா விடல, சராசரின்னு போட்டா பணக்காரன் வருமானம் ஏழை தலைல ஏறி உக்காந்துக்கும், அடில இருக்கவனைத் தனியா எண்ணிக் காட்டுங்கன்னு மல்லுக்கட்டினார். 347 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்ட தீர்மானத்துலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் நெனப்புல நிக்கறது அந்த மூணணாதான்.

நம்ம ஊர் ஆள் ஒருத்தரச் சொல்லலைன்னா தப்பாயிடும். திருச்சி சிவா, திமுக, ராஜ்யசபா. தனிநபர் மசோதான்னு ஒண்ணு இருக்கு, அமைச்சரா இல்லாத எம்பி யார் வேணா கொண்டு வரலாம், வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அதுக்கு நேரம், பாதிப் பேர் ஊருக்கு ஃப்ளைட் ஏறப் போயிருப்பாங்க. பார்லிமென்ட்ல தனிநபர் மசோதா சட்டமானது கடைசியா 1970ல. இந்த நெலமைல திருநங்கை, திருநம்பிகளோட உரிமைக்கு ஒரு மசோதாவை அவர் 2014 டிசம்பர்ல கொண்டு வந்தார், அந்த வருஷம் ஏப்ரல்லதான் மூணாம் பாலின அங்கீகாரம் பத்தி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்திருந்தது. வழக்கம் என்னன்னா, விவாதம் முடிஞ்சதும் அமைச்சர் எழுந்து "உறுப்பினரோட உணர்வைப் புரிஞ்சுக்கறோம், அரசே பாத்துக்கும், வாபஸ் வாங்கிக்கங்க"ம்பார், உறுப்பினரும் நன்றின்னுட்டு வாபஸ் வாங்கிடுவார். 2015 ஏப்ரல் 24ம் தேதி அதேதான் நடந்தது, அமைச்சர் கெலாட் வாபஸ் கேட்டார். சிவா மாட்டேன்னுட்டார். ஓட்டெடுப்புன்னு போனா இந்த விஷயத்துக்கு எதிரா கை தூக்கினவங்கன்னு பேர் வரும், அதை எந்தக் கட்சிதான் விரும்பும்? கடைசில எல்லாரும் ஒத்துக்கிட்டு குரல் ஓட்டுல பாஸ். தனிநபர் மசோதா ஒரு அவையைத் தாண்டினது பல பத்து வருஷத்துல அதான் முதல் தடவை.

லோக்சபாவுல அது சட்டமாகல. அரசு தனியா ஒரு மசோதா கொண்டு வந்து 2019ல நிறைவேத்துச்சு, அதுல குறை இருக்குன்னு திருநர் அமைப்புங்களே போராடினாங்க, எம்பிங்க உக்காந்து மசோதாவை அலசற செலக்ட் கமிட்டிக்கு அனுப்பணும்னு சிவாவே தீர்மானம் கொண்டு வந்து அதுவும் தோத்துச்சு. அதனால முழு வெற்றின்னு நான் சொல்லல. ஆனா அரசாங்கத்தை அந்த வேலைல இறங்க வெச்சது அந்த வெள்ளிக்கிழமைன்னுதான் நெனக்கறேன்.

இவ்வளவும் அவைக்குள்ள இருந்தாத்தானே. 2020 மழைக்காலத் தொடர்ல கேள்வி நேரமே கிடையாதுன்னுட்டாங்க. 2023 டிசம்பர்ல, பார்வையாளர் மாடத்துலேர்ந்து ஆள் குதிச்சதுக்கு உள்துறை அமைச்சர் விளக்கம் கொடுக்கணும்னு கேட்டதுக்கு ரெண்டு அவையும் சேர்த்து 146 எம்பிங்க சஸ்பெண்ட். அப்ப சேலம் எம்பியா இருந்த பார்த்திபன் சஸ்பெண்ட் பண்ண அன்னிக்கு அவைக்கே வரல, அவர் பேரும் லிஸ்ட்ல இருந்தது, அப்புறம் எடுத்தாங்க! அந்த நேரத்துலதான் இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி), குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூணுக்கும் பதிலா வந்த மூணு கிரிமினல் சட்டமும் பாஸாச்சு. கோஷம் போட்டு சஸ்பெண்ட் ஆகறதா, பல்லைக் கடிச்சுட்டு உள்ள உக்காந்து திருத்தம் கொடுக்கறதாங்கறது எங்க ஆபீஸ்லயே தீராத சண்டை. நான் எப்பவும் ரெண்டாவது பக்கம்தான்.

உங்க எம்பி என்ன பண்றார்னு பாக்கணும்னா சன்சத் வெப்சைட்ல அவர் பேரைப் போட்டாலே கேட்ட கேள்வி, வந்த பதில் எல்லாம் பிடிஎஃப்பா கிடைக்கும். கேள்வி எண்ணிக்கையப் பாத்து ஏமாறாதீங்க, நாலைஞ்சு பதிலத் திறந்து உங்க மாவட்டத்துப் பேரு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா நீங்களே ஒரு கேள்வி எழுதி அவர் ஆபீஸுக்கு அனுப்புங்க, தொடர் ஆரம்பிக்க ஒரு மாசம் முன்னாடி, எந்த அமைச்சகம்னு மேல எழுதி, மாவட்டவாரியா என்ன நம்பர் வேணும்னு தெளிவா, 150 வார்த்தைக்குள்ள. அப்படி வந்த லெட்டரை நாங்க ஒரு ஃபைல்லயே சேத்து வெப்போம், ஏன்னா நல்ல கேள்வி கிடைக்காமத்தான் பாதி நாள் திண்டாடுவோம்.