கிமோனோ செய்த வேலை

கேள்வி: மேலைநாட்டு ஃபேஷனில் ஆசிய உடைகளின் தாக்கம் வெறும் பூ, டிராகன் படங்களோடு சரியா?

பதில்: படத்தை விடுங்கள், துணியை வெட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஐரோப்பியத் தையல்காரர் உடம்பின் வளைவுக்கு ஏற்ப வெட்டி இறுக்குவார். ஜப்பானின் பாரம்பரிய உடையான கிமோனோவில் சுமார் 36 செ.மீ. அகலத் துணியை நேர்நேராக வெட்டி இணைப்பார்கள். தோள்மேல் தையலே வராது. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரே இதைப் பிடித்துக்கொண்டார். இடுப்பை இறுக்கிக் கட்டும் கோர்செட் என்ற உள்ளாடையைக் கைவிட்டு, உடையைத் தோளிலிருந்து தொங்கவிட்டார். இடுப்பை விடுவித்த அதே மனிதர், அப்புறம் கணுக்கால் பக்கம் குறுகி நடக்கவே விடாத ஹாபிள் பாவாடையைக் கொண்டுவந்தது தனிக்கதை! நம் சேலையும் சும்மா இருக்கவில்லை: 1935-இல் ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லி அதன் மடிப்பையும் முந்தானையையும் மாலைநேர கவுன்களில் ஏற்றிவிட்டார். எனக்கென்னவோ புவாரேயைவிட இவர்தான் கெட்டிக்காரர்.