பிடித்த கதாபாத்திரத்துக்கு வேறு நடிகர் வந்தால் நம்மால் ஏன் ஏற்க முடிவதில்லை?

முகம் மாறினால் சில நாளில் பழகிவிடும். குரல் மாறினால்தான் மனசு ஒப்பாது. நான் பார்த்தவரை இதுதான் காரணம்.

குமரி மாவட்டத்துத் தோவாளையில் எங்கள் மாமி ராத்திரி பிச்சிப்பூ கட்டிக்கொண்டேதான் சீரியல் பார்ப்பார். கண் நாரிலும் மொட்டிலும் இருக்கும், காது மட்டும் டிவியில். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு முடிச்சு என்று விரல் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் யார் வந்தது, கோபித்துக்கொண்டு யார் போனது என்பதெல்லாம் தலை நிமிராமலே தெரியும். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவர் பேச்சைக் கேட்டதும் மாமியின் கை நின்றுவிட்டது. “இதாரு மக்கா? இவராக்கும் குணசேகரன்?”

வேல ராமமூர்த்தியை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அருமையான எழுத்தாளர், அவர் குரலுக்கென்று தனிக் கனம் உண்டு. ஆனால் தினசரித் தொடரில் வசனம் போகப் போக நடிகரின் வாய்க்குத் தோதாக மாறிவிடும். அந்த அதட்டல், அந்த இழுப்பு எல்லாம் மாரிமுத்துவின் மூச்சுக்கு அளவெடுத்துத் தைத்தவை. இன்னொருவருக்கு அது எப்படிப் பொருந்தும்?

எங்கள் மாவட்டத்துத் தோல்பாவைக் கூத்தைப் பார்த்திருக்கிறீர்களா? விளக்குக்கும் வெள்ளைத் திரைக்கும் நடுவில் ஒருவரே உட்கார்ந்து ராமனுக்கும் ராவணனுக்கும் சூர்ப்பனகைக்கும் குரல் கொடுப்பார். நடுநடுவே சிரிக்க வைக்க உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வருவார்கள். அந்த இரண்டு பேருக்காகவே சின்ன வயதில் முன்வரிசையில் இடம்பிடிப்போம். ஆட்டுத்தோலில் செய்த பாவை ஆட ஆட நைந்துபோகும். புதிதாக ஒன்று வெட்டித் துளையிட்டுச் சாயம் பூசுவார்கள். மூக்கு கொஞ்சம் மாறியிருக்கும், நிறம் மாறியிருக்கும். வாயைத் திறந்துவிட்டால் அதே உளுவத்தலையன்தான்! அந்தக் குரலையும் அப்பாவின் பக்கத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த பிள்ளைதான் எடுத்துக்கொள்வார். அதனால் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு மாற்றம் உறைப்பதே இல்லை.

குரலும் மாறி, ஆளும் மாறி, அப்படியும் நிலைத்த பாத்திரம் இல்லையா என்றால், உண்டு. ‘ஹாரி பாட்டர்’ படங்களில் தலைமையாசிரியர் டம்பிள்டோராக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் 2002இல் இறந்தார். 2004இல் வந்த மூன்றாவது படத்திலிருந்து மைக்கேல் காம்பன் நடித்தார். ஹாரிஸின் மெல்லிய பேச்சை அவர் பிடிக்கப் பார்க்கவே இல்லை, தன் போக்கில் நடித்தார். அந்தப் படத்துக்கு இயக்குநரும் புதியவர் என்பதால் மொத்தப் படமே வேறு மாதிரி இருந்தது. இடையில் ஆற அவகாசமும் கிடைத்தது. சீரியல் பார்ப்பவர்களுக்கு அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை.

“இவருக்குப் பதில் இவர்” என்று கீழே எழுத்தில் போடுவது எனக்குப் பிடிக்கும், அது நேர்மையான அறிவிப்பு. அதோடு வசனத்தையும் புதியவருக்காக மாற்றி எழுத வேண்டும். பழையவரின் பேரோடு ஒட்டிப்போன அதட்டலைப் புதியவர் வாயில் திணிக்கக் கூடாது. ஒரு மாதமாவது அந்தப் பாத்திரம் வெளியூரில் இருக்கட்டும். நடிகர் இறந்துபோய் ஆளை மாற்றும்போது இந்த இடைவெளி கட்டாயம் வேண்டும் என்பேன். பார்க்கிறவர்களும் துக்கத்தில்தான் இருப்பார்கள்.