பாறைச் சிதைவும் அரிப்பும் ஒன்றா?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும்போது அதிகம் குழம்பும் இடம் இது. பாறை இருந்த இடத்திலேயே உடைந்து உதிர்வது சிதைவு. உதிர்ந்ததை நீரோ காற்றோ வேறிடத்துக்குக் கொண்டுபோவது அரிப்பு.

பாறை ஏன் உடைகிறது? குளிர்நாடுகளில் விரிசலில் புகுந்த நீர் உறைந்து, சுமார் 9 சதவீதம் பருத்து, கல்லைப் பிளக்கும். நம் ஊரில் கோபுர இடுக்கில் முளைத்த அரசங்கன்று வேர்விட்டுக் கல்லைப் பெயர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் சிதைவுதான்.

வகுப்பறையிலேயே காட்டலாம். பலகையில் எழுத எழுத சாக்பீஸ் தூளாகிறதே, அது சிதைவு. மின்விசிறியைப் போட்டதும் அந்தத் தூள் முன்வரிசைப் பிள்ளைகள்மேல் பறக்கிறதே, அது அரிப்பு.

தண்ணீர் மட்டுமே அரிக்கும் என்று பலர் எழுதுகிறார்கள்; தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டின் செம்மணல் மேடுகள் காற்று கொண்டுவந்து குவித்தவை.