பழைய டிஸ்க் இமேஜ்களைக் கைவிடலாமா?

கேள்வி: ஆப்பிள் 2 என்ற பழைய கணினிக்கான ஓர் எமுலேட்டரை (அதைப் போலவே இயங்கும் மென்பொருளை) நானும் நண்பரும் ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகிறோம். வருகிற புகார்களில் பெரும்பாலானவை ஃப்ளாப்பி இமேஜ் (ஃப்ளாப்பி டிஸ்க்கில் உள்ளதை ஒரே ஃபைலாக எடுத்த நகல்) பற்றித்தான். "டிஸ்க் திறக்கிறது, ஆனால் சில ஃபைல்கள்தான் தெரிகின்றன" என்கிறார்கள். டிஸ்க்கின் பிட்களை அப்படியே பதிவு செய்யும் வோஸ் ஃபார்மேட்டை மட்டும் வைத்துக்கொண்டு டிஎஸ்கே, பிஓ, நிப் என்ற பழைய இமேஜ் ஃபார்மேட்கள் எல்லாவற்றையும் தூக்கிவிடலாம் என்கிறார் நண்பர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், கோவை

பதில்: தூக்க வேண்டாம். பழைய ஃபார்மேட்களைப் படிக்கும் வசதி இருக்கட்டும். அவற்றில் எழுதும் வசதியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

வோஸ் வந்தது 2018-ல். அதற்குப் பல வருடங்கள் முன்பே ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை டிஎஸ்கே ஃபைலாக எடுத்து வைத்துவிட்டார்கள். அவற்றில் பலவற்றின் அசல் ஃப்ளாப்பி இன்று படிக்க முடியாத நிலையில் இருக்கும், அல்லது குப்பைக்கே போயிருக்கும். அந்த ஃபைல்தான் மிச்சம். அதைத் திறக்க மாட்டேன் என்று சொல்லும் எமுலேட்டரை எதற்காக எழுத வேண்டும்?

இப்போது அந்தப் புகாருக்கு வருவோம். எனக்குத் தெரிந்து அது செக்டர் வரிசைக் கோளாறுதான். ஆப்பிள் டிஸ்க்கில் 35 டிராக் (வட்டப் பாதை), ஒவ்வொன்றிலும் 16 செக்டர் (அந்தப் பாதையின் துண்டு), செக்டருக்கு 256 பைட். மொத்தம் 1,43,360 பைட். ஆப்பிள் 2-ன் இயங்குதளங்களான டாஸ், புரோடாஸ் இரண்டில் எதன் செக்டர் வரிசையில் எடுத்தாலும் ஃபைலின் அளவு இதேதான். அதனால் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டாஸ் 3.3-ன் கேட்டலாக் (ஃபைல் பெயர்ப் பட்டியல்) 17-வது டிராக்கில் இருக்கிறது என்று அங்கே போய்ப் பார்த்தாலும் ஏமாறுவோம். ஏனென்றால் இரண்டு வரிசையிலும் 0-வது செக்டரும் 15-வது செக்டரும் இடம் மாறுவதில்லை. நடுவில் உள்ளவைதான் தலைகீழாகின்றன. கேட்டலாக் தொடங்குவதே 15-ல். ஒரு செக்டரில் ஏழு ஃபைல் பெயர்கள். ஆக, வரிசையைத் தப்பாக எடுத்தாலும் முதல் ஏழு பெயர்கள் அழகாக வந்து நிற்கும். மற்றவை காணாமல் போகும்.

தீர்வு சின்னதுதான். கேட்டலாக்கின் ஒவ்வொரு செக்டரும் அடுத்த செக்டரின் எண்ணைக் காட்டும். 15-வது செக்டர் 14-ஐக் காட்டும். வழக்கமான டிஸ்க்கில் 14-வது செக்டர் 13-ஐக் காட்ட வேண்டும். வரிசை மாறியிருந்தால் அந்த இடத்தில் உண்மையில் 1-வது செக்டர்தான் உட்கார்ந்திருக்கும், தொடர் அங்கேயே முடிந்துவிடும். இந்தச் சோதனையைச் சேருங்கள். அப்புறமும் சந்தேகம் என்றால் பயனரையே கேட்டுவிடுங்கள். எமுலேட்டர் தானாக ஊகித்துத் தப்பாகத் திறப்பதைவிட ஒரு கேள்வி கேட்பது மேல்.

நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே ஃபார்மேட் போதும் என்று அவர் கேட்பதை எமுலேட்டரின் உள்ளே செய்யுங்கள். எந்த ஃபைல் வந்தாலும் திறக்கும்போதே பிட் வரிசையாக மாற்றிவிடுங்கள். டிரைவைப் போலி செய்யும் கோட் அதை மட்டும் பார்த்தால் போதும். நிமிடத்துக்கு 300 சுற்று, ஒரு பிட்டுக்கு 4 மைக்ரோ விநாடி என்றால் ஒரு டிராக் சுமார் 50,000 பிட், அவ்வளவுதான். ஒவ்வொரு பழைய ஃபார்மேட்டுக்கும் ஒரு சின்ன வாசிப்பான் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

எழுதுவதை ஏன் எடுக்கச் சொல்கிறேன்? ஒரு புரோகிராம் தன் இஷ்டத்துக்கு டிராக்கை ஃபார்மேட் செய்தால், அதை வைக்க டிஎஸ்கேயில் இடமே கிடையாது. எழுதியது போன மாதிரிதான். கூடவே பயனரின் ஒரே பிரதியும் கெடலாம். மாற்றங்களைப் பக்கத்தில் ஒரு புது வோஸ் ஃபைலாகச் சேமியுங்கள். அசலைத் தொடவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஇமு என்ற எமுலேட்டரின் ஃப்ளாப்பி கன்ட்ரோலர் கோடில் 2004-லிருந்தே இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை 2015-ல்தான் வெளியே வந்தது. வெனம் என்று பெயர் வைத்தார்கள். ஃப்ளாப்பியே இணைக்காத மெய்நிகர் கணினிகளையும் அது பாதித்தது. யாரும் எட்டிப் பார்க்காத கோட் அப்படித்தான் கிடக்கும். இமேஜ் ஃபைலின் தலைப்பில் எழுதியிருக்கும் டிராக் எண், நீளம் எதையும் அப்படியே நம்பாதீர்கள். பாதியில் வெட்டிய ஃபைல், வெறும் பூஜ்யம் நிரம்பிய ஃபைல், எட்டாவது பெயர் இருக்கும் கேட்டலாக், இவற்றை நீங்களே தயாரித்துச் சோதனைத் தொகுப்பில் போட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடவிடுங்கள். சொந்தமாக உருவாக்கிய இமேஜ்களாக இருந்தால் பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை. முதலில் அந்த எட்டாவது பெயரில் தொடங்குங்கள்; புகார்களில் கணிசமானவை அதிலேயே தீர்ந்துவிடும்.