டூத்பேஸ்ட்டில் இருக்கும் கால்சியம் பைரோபாஸ்பேட்தான் அம்மாவின் முழங்காலில் படிந்ததா?

அம்மாவுக்கு முழங்காலில் கால்சியம் பைரோபாஸ்பேட் படிந்திருப்பதாக டாக்டர் சொன்னார், வீட்டு டூத்பேஸ்ட் டியூபிலும் அதே பெயரைப் பார்த்தேன், பேஸ்ட்டை மாற்றிப் பாலையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே தேவையில்லை. பேஸ்ட்டிலிருந்து மூட்டுக்கு வழி கிடையாது. சாப்பிடும் கால்சியத்தாலும் இந்தப் படிவு வருவதில்லை. பாலை நிறுத்தினால் மூட்டில் எதுவும் மாறாது, வயதானவரின் எலும்புக்குத்தான் நஷ்டம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எலும்புக்கு மாற்றாக வைக்கும் கால்சியம் பாஸ்பேட் பொடிகளைச் சோதிப்பது என் வேலை. இந்தச் சேர்மத்தைப் பல வருடங்களாகக் கையால் தொட்டுப் பார்த்து வருகிறேன். அப்புறம், என் அப்பாவின் முழங்காலிலும் அது வந்தது.

முதலில் உலையில் நடப்பதைச் சொல்கிறேன். டைகால்சியம் பாஸ்பேட் டைஹைட்ரேட் என்ற வெள்ளைப் பொடியைப் பீங்கான் மூசையில் 100 கிராம் எடுத்து 800 டிகிரி செல்சியஸில் வைத்தால், ஆறியபின் தராசில் 74 கிராம்தான் நிற்கும். பார்வைக்கு அதே வெள்ளைப் பொடி. போனது முழுக்கத் தண்ணீர். முதலில் படிகத்துக்குள் இருந்த நீர் வெளியேறும். சூடு ஏற ஏற, பக்கத்துப் பக்கத்துப் பாஸ்பேட்டுகள் இரண்டு தமக்குள் ஒரு நீர் மூலக்கூறை விட்டுவிட்டு, நடுவில் ஒரே ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். அந்த ஜோடிதான் பைரோபாஸ்பேட். ‘பைரோ’ என்றால் கிரேக்க மொழியில் நெருப்பு. எங்கள் பொடிகளில் கால்சியம் கொஞ்சம் குறைந்துபோனாலே சுட்டபின் இது தலைகாட்டும். எக்ஸ்ரே விளிம்பு வளைவுச் சோதனையில், அதாவது எக்ஸ்ரே படிகத்தில் பட்டுச் சிதறும் விதத்தை வைத்துப் பொருளை அடையாளம் காணும் சோதனையில், அதற்கென்று உள்ள கோடுகள் எழும்பிவிடும்.

டூத்பேஸ்ட்டுக்குப் போவது இப்படிச் சுட்ட பொடிதான். பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் நுண்துகளாகப் போடுகிறார்கள். சாதாரணச் சுண்ணப் பொடியைப் போட்டால் அதிலுள்ள கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக் கரையாததாக்கிவிடும், பல்லுக்குப் பயன் இருக்காது. சுட்ட பைரோபாஸ்பேட்டில் அந்தத் தொல்லை குறைவு. 1956-இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த கிரெஸ்ட் பேஸ்ட் இதை நம்பித்தான் ஸ்டானஸ் ஃபுளோரைடு என்ற வெள்ளீய ஃபுளோரைடைப் பல்லுக்குக் கொண்டுபோனது. இப்போது பெரும்பாலும் சிலிக்கா அந்த இடத்துக்கு வந்துவிட்டது. உணவுச் சேர்ப்பாகவும் இதற்கு அனுமதி உண்டு. 

மூட்டில் இருப்பது வேறு விதம். அதில் இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கும். நெருப்பே இல்லாமல், உடம்பின் சூட்டிலேயே, குருத்தெலும்புக்குள் அது உண்டாகிறது. குருத்தெலும்பு செல்கள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை வெளியே விடும். ஒரு நொதி அதை வெட்டும்போது பைரோபாஸ்பேட் பிறக்கும். அங்கே இருக்கும் கால்சியத்தோடு அது படிகமாகிவிடும்.

எனக்கு இதில் மிகவும் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. பைரோபாஸ்பேட் உடம்புக்கு எதிரி இல்லை. இரத்தக் குழாயிலும் தசையிலும் எலும்புத் தாது படியாமல் காப்பதே அதுதான். பிறவியிலேயே அது குறைவாக உள்ள குழந்தைகளுக்குத் தமனிகள் சுண்ணமாகிப்போகும். ஹெர்பர்ட் ஃபிளைஷ் என்ற சுவிஸ் மருத்துவர் 1960-களில் இந்தக் காக்கும் குணத்தை ஆராய்ந்தார். நடுவிலுள்ள ஆக்சிஜனுக்குப் பதில் கார்பனை வைத்தால் நொதியால் வெட்ட முடியாது என்ற வழியில் போய்த்தான் எலும்புத் தேய்வுக்குத் தரும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் வந்தன. அதே பைரோபாஸ்பேட் குருத்தெலும்பில் அளவு மீறினால் வலி.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன். ஒரு இரவில் முழங்கால் பந்து போல வீங்கிச் சிவந்துவிட்டது, லேசான காய்ச்சலும் இருந்தது. முதலில் பார்த்த டாக்டர் யூரிக் ஆசிட் படிவதால் வரும் கௌட் என்று சொல்லிவிட்டார். இரத்தத்தில் யூரிக் ஆசிட் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் பருப்பு, கறி எல்லாம் நிறுத்தச் சொன்னார். அப்பா மாதக்கணக்கில் பத்தியம் இருந்து இளைத்துப்போனார், வலி மறுபடி வந்தது. இரண்டாவதாகப் போன இடத்தில் முழங்காலிலிருந்து நீர் எடுத்தார்கள். நான் கேட்டதால் நுண்ணோக்கியில் காட்டவும் செய்தார்கள். யூரிக் ஆசிட் படிகம் ஊசி போலப் பளிச்சென்று இருக்கும். இங்கே இருந்தவை குட்டையான சாய்சதுரத் துண்டுகள், ஒளி மங்கல். வெள்ளணுக்களுக்குள்ளேயே சில கிடந்தன. வேலையிடத்தில் மூசை மூசையாகப் பார்த்த பொருளின் உறவுக்காரனை அப்பாவின் முழங்கால் நீரில் பார்த்தபோது என்னால் பேச முடியவில்லை.

இந்தக் குழப்பம் பழையது. 1962-இல் டேனியல் மெக்கார்ட்டி என்ற அமெரிக்க மருத்துவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் மூட்டு நீரில் யூரேட் (யூரிக் ஆசிட்டின் உப்பு) அல்லாத படிகங்களைக் கண்டு, எக்ஸ்ரே விளிம்பு வளைவால்தான் இன்னதென்று உறுதி செய்தார்கள். ‘சூடோகௌட்’, அதாவது போலி கௌட், என்று பெயரும் வைத்தார்கள்.

அதனால் அம்மாவுக்கு நீங்கள் செய்ய வேண்டியது வேறு. எக்ஸ்ரேயில் குருத்தெலும்புக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் தெரிகிறது, வலி இல்லை என்றால் சிகிச்சையே வேண்டியிருக்காது. வயதானவர்கள் பலருக்கு அது இருக்கும். திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால், அன்றே மூட்டு நீரை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிருமித் தொற்றும் இதே மாதிரிதான் தொடங்கும், அதைத் தவறவிட்டால் மூட்டே போய்விடும். அம்மாவுக்கு 60 வயதுக்குள் என்றால் மெக்னீசியம், இரும்புச் சத்து, பாராதைராய்டு, அல்கலைன் பாஸ்படேஸ் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பைரோபாஸ்பேட்டை உடைக்கும் நொதி அந்த அல்கலைன் பாஸ்படேஸ்தான், அது வேலை செய்ய மெக்னீசியம் வேண்டும்.

யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மருந்து போல இந்தப் படிகத்தைக் கரைக்கும் மருந்து இன்னும் இல்லை. நீரை எடுத்து உள்ளே ஸ்டீராய்டு ஊசி போடுவது, குறைந்த அளவில் கொல்சிசின் என்ற வீக்கத்தை அடக்கும் மாத்திரை, ஐஸ், ஓய்வு இவைதான். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் மாத்திரை தர வேண்டும். அப்பாவுக்கு ஊசி போட்ட மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. அன்றைக்குப் பருப்பும் சாப்பிட்டார்.