ஸ்லைடர் முழு எண்ணில் மட்டும் நகர: கேள்வி பதில்

கேள்வி: பைத்தானில் சாளரங்கள் அமைக்க உதவும் டிகேஇன்டரில் 1 முதல் 10 வரை டிடிகே ஸ்கேல் (ஸ்லைடர்) வைத்தேன். 3.7264 மாதிரி எண்கள் வருகின்றன. ரெசல்யூஷன் (ஒரு நகர்வின் அளவு) கொடுத்தால் அப்படி ஒன்று இல்லை என்று பிழை காட்டுகிறது.

பதில்: டிகேஇன்டரில் ஸ்கேல் இரண்டு: பழைய டிகே, புதிய தோற்றமுள்ள டிடிகே. பழைய டிகே ஸ்கேலில்தான் ரெசல்யூஷன் உண்டு. சொல்லாமல் விட்டாலே அது 1. டிடிகேயில் கிடையாது. அழகு முக்கியமில்லை என்றால் பழையதற்கே மாறிவிடுங்கள், வேலை முடிந்தது. டிடிகேதான் வேண்டுமென்றால், ஸ்லைடர் நகரும்போதெல்லாம் ஓடும்படி கமாண்டில் கொடுக்கும் ஃபங்ஷனுக்குள் மதிப்பை ரவுண்ட் செய்து, செட் மூலம் ஸ்கேலுக்கே திருப்பிக் கொடுங்கள். ஸ்லைடரின் பிடி பக்கத்து முழு எண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு கண்ணி: செட் செய்தாலும் கமாண்ட் மறுபடி ஓடும். ஆகவே மதிப்பு முழு எண்ணாக இல்லாதபோது மட்டும் செட் செய்யுங்கள். இந்த நிபந்தனையை விட்டால் ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொண்டே போய் ரிகர்ஷன் பிழையில்தான் நிற்கும்.

கேள்வி: ரவுண்டுக்குப் பதில் இன்ட் போட்டேன். வேல்யூஎரர்!

பதில்: கமாண்டுக்கு வந்து சேர்வது எண் அல்ல, ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்). புள்ளி வைத்த ஸ்ட்ரிங்கை இன்ட் ஏற்காது. முதலில் ஃப்ளோட் (தசம எண்) ஆக்குங்கள். ஆக்கினாலும் இன்ட் வேண்டாம். 9.9ஐயும் அது 9 ஆக்கும். 10 கிடைக்கப் பிடியைக் கடைசி முனைவரை இழுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஜாவாவில் சாளரங்கள் அமைக்கும் ஜாவாஎஃப்எக்ஸில் ஸ்னாப்டுடிக்ஸ் (பிடியை அளவுக் கோடுகளில் ஒட்டவைப்பது) ட்ரூ கொடுத்தும் பிடி எங்கெங்கோ நிற்கிறது.

பதில்: மேஜர் டிக் யூனிட் (பெரிய கோடுகளின் இடைவெளி) இயல்பாக 25, மைனர் டிக் கவுண்ட் (இடையிலுள்ள சிறு கோடுகளின் எண்ணிக்கை) 3. முதலாவதை 1, இரண்டாவதை 0 ஆக்குங்கள். பிளாக் இன்க்ரிமென்ட்டும் 10 என்றிருக்கும், அதையும் 1 ஆக்குங்கள். இல்லையென்றால் அம்புவிசை பத்துப் பத்தாகத் தாவும். இழுத்துக்கொண்டிருக்கும்போது லிசனருக்கு (மதிப்பு மாறும்போது ஓடும் ஃபங்ஷன்) தசமம் வரத்தான் செய்யும், விட்ட பிறகே ஒட்டும். உடனே வேண்டுமானால் லிசனருக்குள் மேத் ரவுண்ட் செய்து செட்வேல்யூ கொடுங்கள்.

கேள்வி: கியூடி என்ற சாளர நூலகத்தில் ஸ்லைடருக்கு சிங்கிள்ஸ்டெப் 5 வைத்தேன். மவுஸில் இழுத்தால் 7, 8 எல்லாம் வருகிறது.

பதில்: அது அம்புவிசைக்கும் மவுஸ் சக்கரத்துக்கும்தான், மவுஸில் இழுக்கும்போது அது பொருந்தாது. கியூடியின் ஸ்லைடரான கியூஸ்லைடருக்கு முழு எண் தவிர வேறு தெரியாது. 0 முதல் 100 வரை ஐந்து ஐந்தாக வேண்டுமா? வரம்பை 0 முதல் 20 வரை வைத்து, வாங்கும்போது 5ஆல் பெருக்குங்கள்.

கேள்வி: வலைப்பக்கத்தில் ஸ்லைடரின் ஸ்டெப் 1தான். ஆனாலும் 0.5, 1.5 என்று போகிறது.

பதில்: மின் (min, குறைந்தபட்ச மதிப்பு) 0.5 என்று இருக்கும், பாருங்கள். படிகள் மின்னிலிருந்துதான் எண்ணப்படும். அதை 0 அல்லது 1 ஆக்குங்கள். ஜாவாஸ்கிரிப்டில் வேல்யூ ஸ்ட்ரிங்காக வரும், 5உடன் 1 கூட்டினால் 51; வேல்யூஆஸ்நம்பர் எடுங்கள்.